சிவந்த முகமும் என் மௌனமும்

சிவந்த முகத்தோடு ஒருவர் உங்கள் எதிரில் வந்து உட்காருகிறார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண். மூக்கும் இரு கன்னங்களும் சிவந்திருக்கின்றன. அங்கங்கே சிறு பருக்கள். மூக்கின் தோல் தடித்து, நுண்துளைகள் பெரிதாகத் தெரிகின்றன. கண்கள் கலங்கியிருக்கின்றன. முதல் கேள்வியாக அவரிடம் என்ன கேட்பீர்கள்?

நான் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் உங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவங்களைக் கேட்டிருக்கிறீர்கள். குணமான நோயாளிகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒருவரைக் குடிகாரர் ஆக்கிய கதையை எழுதுகிறேன். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். காலையில் ஒரு பொது மருத்துவமனையில் வேலை, மாலையில் தாராவியில் சொந்த கிளினிக். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே ஒரு ரயில் பாதைதான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் வைத்தியம் பார்ப்பதையே பெரிய சேவையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததில் இந்த நினைப்புக்கும் பங்கு உண்டு.

பீர் முகமதுவைத் தாராவியில் எல்லாரும் பீர் பாய் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பைகளும் பெல்ட்டும் தைக்கும் ஒரு பட்டறை வைத்திருந்தார். கார்கானா என்பார்கள் அங்கே. முதல் நாள் அவர் வந்தபோது வெளியே நல்ல கூட்டம்.

“சொல்லுங்கோ.”

“முகம் காந்துது சார். மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி. காலைல கொஞ்சம் அடங்கியிருக்கும். கார்கானாவுல போய் உக்காந்து ஒரு டீயக் குடிச்சா போதும், குப்புன்னு ஏறிரும்.”

நோயின் பெயர் அந்த நாலு வாக்கியத்திலேயே இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவருடைய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எவ்வளவு குடிப்பேள்?”

“ஏழெட்டு டீ ஆயிரும் சார்.”

மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். “நான் டீயைக் கேக்கலை, பாய்.”

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் முகம் முழுக்க ரத்தம் ஏறியது. காதுவரை சிவந்தது. அவமானத்தில் சிவப்பது அந்த நோயின் இயல்பு. நான் அதைக் கையும் களவுமாகப் பிடிபட்டவனின் முகமாகப் படித்தேன்.

“அஸ்தக்ஃபிருல்லா. கையால தொட்டதில்ல சார்.”

“சரி சரி. இனிமே கொஞ்சம் குறைச்சுக்கோங்கோ.”

“எதக் குறைக்க சார்?”

அதற்குள் நான் நோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நம் தொழிலில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது, நீங்களும் கற்றிருப்பீர்கள். குடிப்பதில்லை என்று நோயாளி சொன்னால் நாம் ‘குடிப்பதில்லை’ என்று எழுதுவதில்லை. ‘மது: மறுக்கிறார்’ என்று எழுதுகிறோம். வேறு எதற்கும் இப்படி எழுதுவதில்லை. காய்ச்சல் இல்லை என்றால் இல்லைதான். குடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம் எதிரில் இருப்பவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

சிவப்பு அடங்க ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் மட்டும் போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். முகம் வெளுத்து, வழவழப்பாக இருந்தது. “மாஷா அல்லா, கைராசி சார் உங்களுக்கு,” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. குணமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மருந்துக்கடையில் காலி ட்யூபைக் காட்டினால் புது ட்யூப் கொடுப்பார்கள், நம் ஊரில் யாரும் சீட்டைக் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருக்கும். செய்யது ஹாஜி வந்தார். தாராவியில் வீடு, குர்லாவில் இரும்புப் பட்டறை. என்னிடம் நெடுநாளாக வருபவர். காலில் படை. பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தேன். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு விசயம் கேக்கணும் டாக்டர்.”

“கேளுங்கோ.”

“பை கார்கானா பீர் பாய் இங்கதான காட்டுதாக?” தன் மூக்கை விரலால் தொட்டுக் காட்டினார். “அவுக பொண்ண எம் பையனுக்குக் கேட்டிருக்கோம். பொண்ணு ரஹ்மத் தங்கமான பொண்ணு. எம் பொண்டாட்டி போய்ப் பாத்துட்டு வந்து இவதான் மருமகள்னு ஒரே பிடியா நிக்கா. ஆனா அந்த மூஞ்சியப் பாத்து ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். பள்ளியில எம் பக்கத்துல நின்னு தொழுத மனுசன். வாடை கீடை ஒரு நாளும் வந்ததில்ல. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். குடிப்பாகளா, மாட்டாகளா?”

சம்பந்தம் பேசும்போது டாக்டரிடம் விசாரிப்பது அங்கே வழக்கம். மளிகைக்காரர், டெய்லர், டாக்டர் மூவரிடமும் கேட்காமல் தாம்பூலம் மாற்றமாட்டார்கள். எனக்கு இது புதிதல்ல. அதற்குச் சில வருடங்கள் முன் இதே ஹாஜி தன் அண்ணன் மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி இப்படித்தான் கேட்டார். அந்தப் பெண்ணின் முழங்கையில் வெண்புள்ளி இருந்தது. அது தொழுநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது, தைரியமாகச் செய்யுங்கள் என்று சொல்லியனுப்பினேன். அந்தத் திருமணம் நடந்தது. டாக்டர் வாக்கு என்று அதை ஊரெல்லாம் பேசினார்கள். நானும் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

இந்த முறை நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஹாஜியார், ஒரு பேஷண்ட் விஷயத்தை இன்னொருத்தர்கிட்ட நான் பேசப்படாது.”

அவர் என்னையே பார்த்தார். “நல்லதா இருந்தாச் சொல்லுவியளே டாக்டர்.”

பேனாவை மூடி வைத்தேன். வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அடுத்த நோயாளியை அனுப்பலாமா என்று மருந்து கொடுக்கும் பெண் திரையை விலக்கிப் பார்த்தாள். “மன்னிச்சுக்கோங்கோ,” என்றேன்.

“சரி. வெளங்கிட்டு,” என்று எழுந்து போனார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது மனசாட்சி சுத்தமாக இருந்தது. நோயாளியின் ரகசியத்தைக் காத்த மருத்துவன் நான். இப்போது நினைத்தால் என் கையே என்னை அறையும் போலிருக்கிறது. நான் ரகசியத்தைக் காக்கவில்லை. நல்ல செய்தியாக இருந்தபோது வாயைத் திறந்தேன், கெட்ட செய்தி என்று நான் நம்பியபோது வாயை மூடிக்கொண்டேன். அப்படிப்பட்டவனின் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும். ஹாஜி அதைச் சரியாகவே படித்தார்.

இளையவர்களே, இதை நினைவில் வையுங்கள். ரகசியம் காப்பதானால் நல்லதையும் சேர்த்துக் காக்க வேண்டும். ஒரே ஒரு முறை ‘அவருக்கு ஒன்றுமில்லை’ என்று மூன்றாம் மனிதரிடம் சொன்னீர்களானால், அடுத்த முறை நீங்கள் பேசாமல் இருப்பதும் பேச்சாகிவிடும்.

அந்த மாதக் கடைசியில் செம்பூரிலிருந்து ஒரு பெண் கண் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். என்னைவிட மிகவும் இளையவர். கருத்தரங்குகளில் பார்த்த பழக்கம்.

“சார், பீர் முகமதுன்னு உங்க பேஷண்ட் ஒருத்தர் வந்திருந்தார். கண்ணு மணல் போட்ட மாதிரி உறுத்தறதுன்னு. இமை ஓரமெல்லாம் தடிச்சுக் கிடக்கு. முகத்தோட சேர்த்துப் பார்த்தா எனக்கு ரோசேசியான்னு தோணித்து. நீங்க பார்த்திருப்பேளே?”

நான் ஏதோ முனகினேன்.

“இன்னொண்ணு சார். நீங்க குடுத்த களிம்பை இன்னும் மூணு வேளை போட்டுண்டிருக்கார். விட்டா எரியறதாம். அதோட, குடியைக் குறைச்சா சரியாயிடும்னு நீங்க சொன்னதாச் சொன்னார். அவர் குடிக்கறதில்லையாம்.”

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவா.”

மறுமுனையில் அவர் விடவில்லை.

“சூடா டீ குடிச்சா ஏறுதான்னு கேட்டேன், ஆமான்னார். வெயில்ல, புழுக்கத்துல, கோவம் வந்தா, வெக்கப்பட்டா... எல்லாத்துக்கும் ஆமான்னார். குடிக்கு மட்டும் இல்லைன்னார். மத்ததையெல்லாம் நம்பறோம். அது ஒண்ணை மட்டும் ஏன் சார் நம்பக் கூடாது?”

ரோசேசியா என்ற நோயை நான் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். அது குடிப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை, குடியால் உண்டாவதும் இல்லை, துளியும் குடிக்காதவர்களுக்கும் வரும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஸ்டீராய்டு களிம்பு முதலில் அடக்கிவிட்டுப் பிறகு பல மடங்காகக் கிளப்பிவிடும் என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் புத்தகங்களில் இருந்த படங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் முகங்கள். நம்மவர்களுக்கு அது அபூர்வம் என்ற நினைப்பு எங்கள் தலைமுறையில் ஊறிப் போயிருந்தது. தாராவியில் ஒரு பட்டறைக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தபோது புத்தகம் நினைவுக்கு வரவில்லை. தாராவியைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம்தான் நினைவுக்கு வந்தது.

பீர் பாயை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் வரவில்லை. அவர் மகள் ரஹ்மத் வந்தாள். சயானில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கும் பெண். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“வாப்பா வர மாட்டாங்க சார். ஹாஜி வீட்டுல கல்யாண ரிஷ்தா வேணாம்னு சொல்லிட்டாங்க. காரணம் சொல்லல. அப்புறம் அந்த வீட்டு மருமக, பாபி ஒருத்தங்கதான் சொன்னாங்க, டாக்டர்கிட்ட கேட்டா டாக்டரே வாயத் திறக்கல, மத்லப் குச் தோ ஹை, ஏதோ இருக்குன்னு. நீங்க என்ன சார் சொன்னீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலைம்மா.”

“வஹி தோ சார்! அதத்தான நானும் சொல்றேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

“ரிஷ்தா போனது போகட்டும். வாப்பா மூஞ்சியப் பார்த்து முடிவு பண்ற வீட்டுல, நாளைக்கு என் மூஞ்சியப் பார்த்து என்னென்ன முடிவு பண்ணுவாங்களோ. எனக்கு அது வேணாம். ஆனா வாப்பா பள்ளிக்கு சரியாப் போறதில்ல சார். ஜும்மாக்குப் போனாலும் கடைசி வரிசைல நின்னுட்டு, முடிஞ்சதும் யார்கிட்டயும் பேசாம ஓடி வந்துடறாங்க. கார்கானால வேலை பாக்கற பசங்க, சேட் பீத்தா ஹை, முதலாளி குடிக்கறாருன்னு சிரிக்கறாங்க. அது கூடப் பரவால்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தூங்கும்போது உம்மா வாப்பா வாயை மோந்து பாக்கறாங்க சார். நான் பார்த்தேன். வாப்பா முழிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தாங்க.”

நான் இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ புண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கூசியது போல் எதையும் பார்த்துக் கூசியதில்லை.

மறுநாள் கிளினிக் திறக்கும் முன் கார்கானாவுக்குப் போனேன். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். மேலே தகரக் கூரை, அதன் கீழே நாலு தையல் மெஷின். தோல் ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறியது. ஏணியின் உச்சியை அடைவதற்குள் எனக்கே முகம் காந்தியது. ஒரு முறை இங்கே வந்திருந்தால் போதும், அவர் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று மூக்கைப் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

பீர் பாய் பதறி எழுந்தார். “டாக்டர் சாரா? சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பனே.” வராமல் இருந்தவர் அவர்தான். வேலையாட்களை டீ குடிக்கக் கீழே அனுப்பிவிட்டு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முகம் ரணமாக இருந்தது. தோல் மெலிந்து, உள்ளேயிருந்து ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன. அதன் மேல் பவுடர் பூசியிருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இருப்பது ஒரு தோல் நோய், குடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் கொடுத்த களிம்பு அதை வளர்த்துவிட்டது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். ஹாஜி வந்து கேட்டபோதும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வாயை மூடினேன்.

அவர் ஒரு தோல் துண்டை எடுத்து அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

“அந்தக் களிம்பு தப்பா சார்?”

“தப்பு. நிறுத்தணும்.”

“அதான சார் கொஞ்சம் நிம்மதியா வச்சிருந்துச்சு.”

“நிறுத்தினா முகம் இன்னும் மோசமாகும், பாய். சில வாரம். மாசக்கணக்கிலயும் ஆகலாம். வீங்கும், எரியும், சிவக்கும். அப்பறம்தான் அடங்கும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்கே விவரிக்க எனக்கு வரவில்லை.

“நல்லாருக்கு சார். இப்பவே குடிகாரன்னு சொல்லுதான். நீங்க சொல்லுத மாதிரி களிம்ப நிறுத்துனா, பாருங்கடே, இப்ப ரெண்டு வேளையும் குடிக்கான்னு சொல்லுவான்.”

அவர் சொன்னது முழு உண்மை. குணமாக வேண்டுமானால் அவர் இன்னும் பெரிய குற்றவாளியாகத் தெரிய வேண்டும். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றி வைத்தவன் நான். களிம்பை மெல்ல மெல்லக் குறைக்கலாமா, அதையே இன்னும் சில மாதம் போட விடலாமா என்று ஒரு கணம் சபலப்பட்டேன். இப்படிப்பட்ட இரக்கம்தான் நம்மை மேலும் மேலும் தவறு செய்ய வைக்கும். அவருடைய தோல் இருந்த நிலையில் அதற்கு இடமில்லை. நிறுத்தத்தான் வேண்டும் என்று திரும்பவும் சொன்னேன்.

“நீங்க அனுமதி குடுத்தா ஹாஜிகிட்ட நானே போய்ச் சொல்றேன்,” என்றேன். இந்த முறை அனுமதி கேட்டேன்.

“ரிஷ்தாவுக்காகப் போவாதீங்க. எம் மக வேணாம்னுட்டா. முடிஞ்சது முடிஞ்சதுதான். ஆனா எம் பக்கத்துல நின்னு தொழுத மனுசன், என்னயப் பத்தித் தப்பா நெனச்சுக்கிட்டே தொழுதுக்கிட்டு இருக்காக. அது அவுகளுக்கும் நல்லதில்ல. அத மட்டும் சொல்லிட்டு வாங்க.” கொஞ்சம் தயங்கினார். “அதுக்கு முன்னால வீட்டுக்கு வாங்க சார். எம் பொஞ்சாதிட்டச் சொல்லணும்.”

வீடு அடுத்த சந்தில்தான். அவர் வெளியே நின்றுகொண்டார். உள்ளே அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாக நின்று கேட்டார்.

“மோந்து பாத்தேன் டாக்டர். ஒரு நாளும் வாடை வரல. வரலன்னா, ஏலக்காயப் போட்டு மறைக்காகன்னு நெனச்சேன்.” பிறகு வாசல் பக்கம் பார்த்து, கணவரிடம், “உள்ள வாங்களேன். வெயில்ல ஏன் நிக்கிய?” என்றார்.

நான் அங்கே அதற்கு மேல் நிற்கவில்லை.

அந்த அம்மாள் நினைத்ததும் நான் நினைத்ததும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். வாடை இருந்தால் குடித்திருக்கிறார், இல்லாவிட்டால் மறைக்கிறார். ஒப்புக்கொண்டால் குடிக்கிறார், இல்லையென்றால் மறுக்கிறார். ஒரு முகத்தைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் எல்லாச் சாட்சியமும் அந்த முடிவுக்கே வேலை செய்யும். அந்த அம்மாள் படிக்காதவர், பயந்தவர். எனக்கு அந்தச் சாக்குகள் இல்லை.

குர்லாவில் ஹாஜியின் பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்து நின்றோம். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“அன்னைக்கு நீங்க குடிக்காகன்னு சொல்லலியே டாக்டர்.”

“சொல்லலை. ஆனா அப்படித்தான் நினைச்சேன். நீங்களும் அதைப் புரிஞ்சுண்டேள்.”

“புரிஞ்சுக்கிட்டேனா? வீட்டுல போய்ச் சொன்னேன். மச்சான்ட்டச் சொன்னேன். பள்ளியில ரெண்டு பேரு கேட்டான், அவன்ட்டயும் சொன்னேன்.” சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “தொழுகையாளி ஒருத்தர, எம் வாயாலயே குடிகாரன்னு சொல்ல வச்சுட்டியளே டாக்டர். இதுக்கு நான் எங்க போய்ப் பதில் சொல்லுவேன்?”

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்ற பழைய வாக்கியம் நாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அவர் பட்டறைக்குள் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். “வாங்க,” என்றார். ஒரு டாக்சி பிடித்து இருவரும் தாராவிக்கு வந்தோம். ஹாஜி கார்கானாவின் ஏணியில் மூச்சு வாங்க ஏறி, வேலையாட்கள் எல்லாரும் இருக்கும்போதே பீர் பாயின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“பீர் பாய், நான் உங்களப் பத்தி இல்லாததப் பேசிட்டேன். பொறுத்துக்கிடுங்க. யார் யார்ட்டப் பேசினனோ அவங்கள்ட்ட நானே திரும்பப் போய்ச் சொல்லுதேன்.”

“அல்லா பொறுக்கட்டும். உக்காருங்க ஹாஜியார். முட்டு வலியோட ஏன் மேல ஏறுனிய?”

“பொண்ணு விசயம்...”

“அது வேணாம்ங்கா எம் மக. விட்டுருவோம். டேய், டீ சொல்லு. எனக்கு ஆறுனதுக்கப்புறம் ஊத்து.”

ஹாஜி அழுதார். பீர் பாய் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் தையல் மெஷினை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

களிம்பை நிறுத்தியதும் நான் சொன்னபடியே முகம் வீங்கி வெடித்தது. அந்த மாதங்களில் அவரை ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். எரிச்சல் தாங்காமல் ஒரு நாள், “ஒரே ஒரு தடவ பூசிக்கிடட்டுமா சார்?” என்று குழந்தை மாதிரி கேட்டார். கூடாது என்றேன். ஜும்மா அன்று ஹாஜி வீட்டு வாசலுக்கே வந்து அவரை அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்று ரஹ்மத் சொன்னாள். ஊர் உடனே வாயை மூடிவிடவில்லை. சிலர் கடைசிவரை நம்பவில்லை. ஒரு சொல்லைத் திரும்பப் பெறுவது அதைச் சொல்வதைப் போல் எளிதல்ல. சொல்லாமல் விட்டதைத் திரும்பப் பெறுவது அதைவிடக் கடினம்.

அவருக்கு எது உதவியது என்று கேட்பீர்கள். மருந்துகள் உங்களுக்குத் தெரியும், அவை வருடத்துக்கு வருடம் மாறும். மாறாதவற்றைச் சொல்கிறேன். சவரக்கடையில் சவரம் முடிந்ததும் தேய்க்கும் படிகாரத்தை நிறுத்தச் சொன்னேன். வாசனை சோப்பையும் பவுடரையும் விட்டார். டீயை ஆற வைத்துக் குடித்தார். தகரத்தின் கீழே இருந்த இடத்தை விட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பசை ஒட்டும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்தார். வெயிலில் போகும்போது முகத்துக்கு வெள்ளையாக ஒரு கிரீம் பூசிக்கொள்ள முதலில் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டார். எதைப் புதிதாகப் போட்டாலும் முதலில் காதோரம் கொஞ்சம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போனார். இந்த நோயை வேரோடு பிடுங்க முடியாது, அதோடு வாழக் கற்றுக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சிவக்கும்போதும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று. பீர் பாய் கொஞ்சம் வெளுத்த நிறம், அதனால் சிவப்பாவது தெரிந்தது. கறுத்த முகத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. முகம் கறுத்துப்போச்சு என்றுதான் நம் பெண்கள் வந்து சொல்வார்கள். கண்ணால் தேடாதீர்கள். புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். காந்துதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொல்கிற பதிலை நம்புங்கள். பீர் பாய்க்குப் பிறகு என் சீட்டுகளில் ‘மறுக்கிறார்’ என்ற சொல்லை நான் எழுதவே இல்லை.

முகம் ஓரளவு அடங்கி, கண் உறுத்தலும் நின்ற பிறகு, ஒரு நாள் வேறு நோயாளிகள் இல்லாதபோது நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஹாஜி கேட்டதைப் போல் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க எனக்கு வரவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன்.

அவர் சட்டைப் பையில் சீட்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார். “ஹாஜி எங்கூடத் தொழுதவர் சார். அவர் கேட்டதும், நான் குடுத்ததும் எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. உங்ககிட்ட நான் மருந்துக்கு வாறவன். அந்த மாத்திரைய இன்னும் எத்தன நாள் சாப்பிடணும்?”

சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் கிளினிக்கை மூடும்வரை அவர் என்னிடமே வந்துகொண்டிருந்தார். அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட நாட்கள் உண்டு. ஆனால் அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அப்போது வேறு தோல் மருத்துவர் யாரும் இல்லை.